வாசகர் கேள்வி – பதில்: எலனின் பக்கம் நின்று பார்க்க வேண்டிய படம்

ராபர்ட் எகர்ஸ் இயக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’ திரைப்படம் குறித்துப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். 2024 டிசம்பரில் வெளியான இந்தப் படம், எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922இல் எடுத்த ஜெர்மானிய மௌனப் படத்தின் மறு ஆக்கம். கதை 1838ஆம் ஆண்டில், விஸ்போர்க் என்னும் கற்பனையான துறைமுக நகரில் நிகழ்கிறது. வீடு, நிலம் விற்றுத் தரும் தரகு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் தாமஸ் ஹட்டர், புதிதாக மணந்த மனைவி எலனை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, கார்பாத்திய மலைக்கோட்டையில் வாழும் ஆர்லோக் பிரபுவிடம் கையெழுத்து வாங்கப் போகிறான். அந்தப் பிரபு என்றோ இறந்துபோன மனிதன். எலனைத் தேடி விஸ்போர்க்குக்குக் கப்பலேறப் போகும் இரத்தக்காட்டேரி. முடிவைத் தொடாமல் பதில் எழுத இயலாது என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இதைப் படிக்கலாம்.

கேள்வி: நடுங்க வைக்கும் படம் என்று கேள்விப்பட்டு, இரவில் தனியாக அமர்ந்து பார்த்தேன். திடுக்கிட வைக்கும் இடங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. ஆர்லோக் பிரபுவின் முகம்கூடப் பாதிப் படம்வரை சரியாகத் தெரியவில்லை. பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் முடிந்து பல நாள் ஆகியும் மனத்தில் ஒரு கனம் இறங்கவில்லை. இது ஏன் என்று விளக்க முடியுமா? — வாசகர், மதுரை

பதில்: திடுக்கிட வைப்பதை இந்தப் படம் தன் முதல் வேலையாகக் கொள்ளவில்லை என்பதே உங்கள் கேள்விக்கான விடையின் தொடக்கம். முதல் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தனிமையில் வாடும் சிறுமி ஒருத்தி, யாராவது தனக்குத் துணையாக வர வேண்டும் என்று இருட்டில் அழுது வேண்டுகிறாள். அவளுக்குப் பதில் சொல்லும் குரல் தேவதையின் குரலாக இல்லை. அந்தச் சிறுமிதான் எலன். ஆக, கதை தொடங்கும் முன்பே அவள் அறிந்த இரகசியம் நமக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் இரண்டு மணி நேரமும், அந்த உண்மையை அவள் சொல்லச் சொல்ல, சுற்றியிருக்கும் ஒவ்வொருவரும் அதற்கு வேறொரு பெயர் சூட்டி ஒதுக்கி வைப்பதைத்தான் பார்க்கிறோம். உங்கள் மனத்தில் இறங்காமல் இருக்கும் கனம் ஆர்லோக்கால் வந்ததன்று. எலனை எவரும் நம்பவில்லை என்பதால் வந்தது.

கணவன் புறப்படும் முன் அவள் தன் கனவைச் சொல்லும் இடம் எனக்குப் படத்திலேயே மிகவும் அச்சம் தந்த இடம். திருமணச் சடங்கில் தன் எதிரே நின்றவன் மரணமே என்றும், திரும்பிப் பார்த்தபோது வந்திருந்தவர்கள் அனைவரும் இறந்து கிடந்தார்கள் என்றும், அந்த நேரத்தில் தான் அடைந்த மகிழ்ச்சியை அதற்கு முன் அறிந்ததே இல்லை என்றும் சொல்கிறாள். கனவின் கடைசிப் பகுதிதான் அவளை உலுக்குகிறது. தாமஸ் அதைக் கேட்டுக்கொள்ளாமல், இனி இதைப் பற்றிப் பேசாதே என்று அன்போடு வாயடைத்துவிட்டுக் கிளம்புகிறான். அவன் கெட்டவன் அல்லன். மனைவிக்கு நல்ல வாழ்வு தர வேண்டும், கடன் தீர வேண்டும், பதவி உயர வேண்டும் என்று நினைக்கும் எளிய மனிதன். அப்படிப்பட்ட நல்லவன் அவள் பேச்சைக் காதில் வாங்காமல் போவதால்தான் அந்தக் காட்சி அவ்வளவு வலிக்கிறது.

அடுத்து மருத்துவர் சீவர்ஸ் வருகிறார். அவரும் நல்லவரே. எலனின் வலிப்புக்கும் தூக்கத்தில் நடப்பதற்கும் காரணம் அவள் உடலில் இரத்தம் மிகுந்திருப்பது என்கிறார்; இடுப்பை இறுக்கும் கச்சையைக் கழற்றாமல் உறங்கச் சொல்கிறார்; ஈதர் தந்து மயக்குகிறார்; கட்டிலோடு கட்ட வைக்கிறார். பெண்ணின் மனத்துயரத்தைக் கருப்பையின் கோளாறாகக் கண்டு வைத்தியம் பார்த்தது அந்நாளைய ஐரோப்பிய மருத்துவத்தில் வழக்கம்தான்; படம் அதை மிகைப்படுத்தவில்லை. அவளுக்கு இடம் கொடுத்த நண்பர் ஹார்டிங்கோ, ஒரு கட்டத்தில் இந்தப் பிதற்றலுக்கு மேல் பொறுக்க முடியாது என்று அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். இத்தனை மரியாதையான மனிதர்கள் நடுவே அவள் எவ்வளவு தனியாக நிற்கிறாள் என்பதைப் பார்த்த பிறகு, ஆர்லோக்கின் குரல் அவளுக்கு ஏன் கேட்டது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த அந்த நொடியே நாமும் கலங்கிப் போகிறோம்.

ஆர்லோக்கின் முகத்தை மறைத்து வைத்ததும் தற்செயல் அன்று. கோட்டையில் தாமஸ் உணவு உண்ணும் காட்சியில் நீண்ட நகங்களும் கனத்த உரோம அங்கியும்தான் தெரிகின்றன. மீதியைக் காது பார்த்துக்கொள்கிறது. அந்த வேடத்தை ஏற்ற பில் ஸ்கார்ஸ்கார்ட், ஓபரா பாடகி ஒருவரிடம் பயிற்சி பெற்றுத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில், வேலை செய்வதை நிறுத்திவிட்ட நுரையீரலுக்குள் காற்றை வலிந்து இழுப்பது போல் மூச்சு வாங்குகிறார். அத்துடன் இன்றைய ருமேனியப் பகுதியில் பண்டு வழங்கி மறைந்துபோன டாசிய மொழியை அறிஞர் துணையோடு மீட்டுருவாக்கி அவர் வாயில் வைத்திருக்கிறார்கள். இதற்காகவே படத்தைத் தொலைபேசித் திரையில், சிறு ஒலிபெருக்கியில் பார்க்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்வேன்.

கேள்வி: பழைய படத்தில் மாக்ஸ் ஷ்ரெக் ஏற்ற ஆர்லோக்கின் மொட்டைத் தலையும் எலிப் பற்களும் உலகறிந்தவை. புதிய படத்தில் பெரிய மீசை வைத்த, அழுகிய முதியவராக மாற்றியது மரபை மீறுவதாகாதா? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மரபு என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. முர்னாவின் படத்துக்கே மூலமான, பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’ நாவலிலேயே இரத்தக்காட்டேரிப் பிரபு டிராகுலாவுக்கு நீண்ட வெண்மீசை உண்டு. அதை எடுத்துவிட்டவர்கள் பின்னால் வந்த திரைப்படக்காரர்கள். மொட்டைத் தலை உருவம் 1922ஆம் ஆண்டுப் படத்தின் தயாரிப்பாளரும் கலை வடிவமைப்பாளருமான ஆல்பின் கிராவ் முதலியோரின் கற்பனை. எகர்ஸ் இரண்டையும் தாண்டி இன்னும் பின்னே போகிறார்.

கதைகளில் இடம் பிடிக்கும் முன், இரத்தக்காட்டேரி என்பது தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் ஒரு கிராமத்துப் பிணம். 1725இல் செர்பியாவின் கிசிலியேவோ ஊரில் பீட்டர் பிளகோயேவிச் என்பவர் இறந்த சில நாளில் வேறு பலரும் அடுத்தடுத்து இறக்க, ஊரார் அவர் கல்லறையைத் தோண்டி, சடலத்தின் வாயருகே இரத்தம் இருக்கக் கண்டு, மார்பில் கூர்ங்கழியை அறைந்து எரித்தார்கள். அப்போது அப்பகுதியை ஆண்ட ஆஸ்திரிய அரசின் அதிகாரி ஒருவரே இதை அறிக்கையாக எழுதினார். 1732இல் மெத்வெஜா என்னும் ஊர் பற்றி இராணுவ மருத்துவர் யோகான் ஃப்ளூக்கிங்கர் அளித்த அறிக்கை ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. அழுகும்போது உண்டாகும் வாயு வயிற்றை ஊத வைப்பதும், அந்த அழுத்தத்தில் கருஞ்சிவப்பு நீர் வாய் வழியே வெளிவருவதும், மேல்தோல் கழன்று அடியில் புதிய தோல் போலத் தெரிவதும் இயல்பானவை என்பது அந்த மக்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஊரில் சாவு நிற்கவில்லை என்பது மட்டும்தான். கடைசியில் பேரரசி மரியா தெரசா தம் மருத்துவர் ஹெரார்ட் வான் ஸ்வீட்டனை விசாரிக்கச் சொல்லி, 1755இல் இவ்வகையில் கல்லறைகளைத் தோண்டுவதற்குத் தடை விதித்தார்.

அந்தப் பிணத்தைக் கனவானாக மாற்றியவர் ஜான் பொலிடோரி. 1819இல் வெளிவந்த அவரது கதைக்குப் பிறகுதான் இரத்தக்காட்டேரிக்கு நல்ல உடையும் மாளிகை விருந்தும் கவர்ச்சியும் வந்து சேர்ந்தன. இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்த அந்த ஒப்பனையை எகர்ஸ் துடைத்துவிடுகிறார். அவருடைய ஆர்லோக் உண்மையில் அழுகும் சடலம். பிரபுக்களின் உடையும் மீசையும், அவன் உயிரோடு இருந்தபோது திரான்சில்வேனியப் பெருங்குடியினன் என்பதை மட்டுமே நினைவூட்டுகின்றன. அவன் கழுத்தைக் கடிப்பதில்லை, மார்பில் வாய் வைத்துக் குடிக்கிறான். அதுவும் நாட்டுப்புற நம்பிக்கையிலிருந்து எடுத்ததே. கவர்ச்சி இல்லாத இந்த உருவத்தின் முன்னால் எலனின் ஈர்ப்பு நமக்கு விளங்காத புதிராகிறது. அது புதிராக இருப்பதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: பெண்ணின் பார்வையில் சொல்லப்பட்ட படம் என்று இதைப் பலரும் பாராட்டுகிறார்கள். ஆனால் முடிவில் என்ன நடக்கிறது? ஊர் பிழைக்க ஒரு பெண் தன் உடலையும் உயிரையும் கொடுக்கிறாள். ஆண்கள் நின்று அழுகிறார்கள். இதில் பாராட்ட என்ன இருக்கிறது? — வாசகி, திருச்சி

பதில்: வந்த கடிதங்களிலேயே மிகக் கூர்மையான கேள்வி இது. உங்கள் எதிர்ப்பில் பெரும்பகுதி நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஸ்டோக்கரின் நாவலில் நாயகி மீனா பிழைத்துக்கொள்கிறாள். டிராகுலாவை ஆண்கள் கத்தியால் கொல்கிறார்கள். பெண் தன் இரத்தத்தைத் தானாகக் கொடுத்து, சேவல் கூவும்வரை பேயைத் தன்னருகே நிறுத்தி வைத்தால் அது அழியும் என்பதைச் சேர்த்தவர்கள் 1922ஆம் ஆண்டுப் படத்தினர். அங்கே எலன் களங்கமற்றவள் என்பதாலேயே அந்தத் தகுதி அவளுக்கு உண்டு. எகர்ஸ் முடிவை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் களங்கமற்ற பெண்ணைத்தான் மாற்றிவிட்டார். இவருடைய எலன் ஆர்லோக்கைத் தானே அழைத்தவள். அவனிடம் இன்பத்தையும் அருவருப்பையும் ஒருசேர அறிந்தவள். அதைப் பாவம் என்று தந்தை சொன்ன நாளிலிருந்து வெட்கத்தைச் சுமப்பவள். குழந்தைப் பருவத்தில் தனக்கு இழைக்கப்பட்ட ஒன்றைத் தன் குற்றமாகவே நினைத்து வளரும் பெண்களின் நிலையை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பேய்ப்படத்தை நான் பார்த்ததில்லை. ஆர்லோக்கும் தன்னைக் காதலன் என்று சொல்லிக்கொள்வதில்லை. தான் வெறும் பசி என்றே அவளிடம் சொல்கிறான். ஆகவே இதைக் காதல் கதையாகப் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை.

கடைசி இரவில் ஆண்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். தாமசும் சீவர்சும், இரத்தக்காட்டேரிகளை நம்பும் பேராசிரியர் வான் ஃபிரான்சுடன் ஆயுதம் ஏந்தி ஆர்லோக்கின் பாழடைந்த மாளிகைக்குப் போகிறார்கள். சவப்பெட்டியில் ஆர்லோக் இல்லை. ஆர்லோக்குக்குப் பணி செய்த, தாமசின் தரகு முதலாளி நாக் என்பவன் கிடக்கிறான். அந்த வீரப் பயணமே கணவனை வீட்டிலிருந்து அகற்ற எலனும் பேராசிரியரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. படம் முழுவதும் அவளுக்காக முடிவெடுத்தவர்களுக்கு அந்த இரவில் முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை. தன் வாழ்வில் அவள் தானே தேர்ந்து செய்த செயல் அது ஒன்றுதான் என்பதைப் படம் அழுத்தமாகக் காட்டுகிறது.

ஆனாலும் அவள் தேர்ந்துகொள்ள இருந்தது ஒரே ஒரு வழி. பேராசிரியர் அவளிடம், பண்டைக் காலத்தில் பிறந்திருந்தால் எகிப்தின் ஐசிஸ் தெய்வத்தின் பெரும் பூசாரியாக விளங்கியிருப்பாய் என்று சொல்லும் இடம் மிகவும் போற்றப்படுகிறது. எனக்கு அந்த வார்த்தை ஆறுதல் தரவில்லை. அவளை நம்பிய ஒரே மனிதரும் அவளுக்குச் சாவைத் தவிர வேறு வழி காட்டவில்லை. அவளை அடைத்து வைத்த சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாக இதைப் படம் உணர்ந்தே சொல்கிறதா, அல்லது இலைலாக் மலர்களைத் தூவி அழகாக்கி முடித்துவிடுகிறதா என்று கேட்டால், இரண்டும் நடக்கிறது என்றே சொல்வேன். கடைசிக் காட்சியின் அழகு அந்தக் குற்றச்சாட்டை மழுங்கச் செய்கிறது. அந்த அளவில் நீங்கள் சொல்வதே சரி.

எலனாக வரும் லில்லி-ரோஸ் டெப்பின் நடிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். வலிப்புக் காட்சிகளில் அவருடைய உடல் வளைந்து முறுகுவது கணினி வித்தை அன்று. ஜப்பானிய பூட்டோ நடனத்தில் தேர்ந்த பயிற்றுநரிடம் கற்றுச் செய்தது. வாய் சொல்லக் கூடாதென்று தடுக்கப்பட்டதை உடல் சொல்லிவிடுவது போன்ற அந்த அசைவுகளுக்காக அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெருமை கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கேள்வி: பழைய படத்தை அழித்துவிடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மையா? — வாசகர், ஈரோடு

பதில்: உண்மை. ஸ்டோக்கரின் நாவலை உரிமை பெறாமல் எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆசிரியரின் மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குத் தொடுத்தார். படத்தைத் தயாரித்த பிராணா ஃபிலிம் நிறுவனம் நொடித்துப்போனது. 1925இல் படச்சுருள்கள் அனைத்தையும் அழிக்க ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகளால் படம் பிழைத்தது. சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழியும் என்னும் நம்பிக்கையே அந்தப் படம் தந்ததுதான். நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், ஆற்றல் மட்டும் குறைந்திருக்கும்.

கேள்வி: படம் முழுவதும் ஒரே இருட்டு. இதற்கா ஒளிப்பதிவில் ஆஸ்கர் பரிந்துரை? — வாசகர், சேலம்

பதில்: ஒளிப்பதிவு, தயாரிப்பு வடிவமைப்பு, உடை வடிவமைப்பு, ஒப்பனை ஆகிய நான்கு பிரிவுகளிலும் படம் பரிந்துரைக்கப்பட்டது; நான்கும் தகுதியானவை. ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கே 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்திருக்கிறார். 1838இல் சூரியன் மறைந்த பிறகு ஒரு வீட்டுக்குள் இருந்த வெளிச்சம் மெழுகுவர்த்தியும் அடுப்பும்தான்; அந்த அளவு வெளிச்சத்தையே அவர் நமக்குத் தருகிறார். நிலவொளிக் காட்சிகளில் நிறங்கள் வடிந்து நீலமும் சாம்பலும் மட்டும் எஞ்சுகின்றன. மௌனப் பட நாளில் இரவைக் காட்டப் படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றியதை அது எனக்கு நினைவூட்டியது. பனி விழும் காட்டுப்பாதையின் நடுவில் தாமஸ் தனியே நிற்க, தொலைவிலிருந்து வண்டி வந்து, ஓட்டுநர் இல்லாமல் கதவு தானே திறக்கும் காட்சியை அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். விளக்கெரியும் கூடத்தில் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால், உங்கள் குறை படத்தைச் சேர்ந்ததாக இராது.

கேள்வி: கப்பலில் எலிகளோடு கொள்ளைநோய் வருவதாகக் காட்டுவது அந்தக் காலத்துக்குப் பொருந்துமா? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1838இல் வட ஜெர்மனியில் பிளேக் பரவியதற்கு வரலாறு இல்லை, கதைக்காகச் சேர்த்தது. ஆனால் 1831இல் காலரா ஜெர்மன் நகரங்களைத் தாக்கியிருந்தது. தத்துவஞானி ஹெகல் அந்த ஆண்டு பெர்லினில் இறந்ததற்குக் காலராவே காரணம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஆகவே சாவு கப்பலேறி வரும் என்ற அச்சம் அந்தத் தலைமுறைக்குப் புதியதன்று. பிளேக் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் கண்டது 1894இல். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி வழியே அது பரவுகிறது என்பதை போல்-லூயி சிமோன் கண்டறிந்தது 1898இல், அன்றைய இந்தியாவின் கராச்சியில். எனவே தெருவெல்லாம் எலிகள் ஓடும்போது மருத்துவர்கள் விழிப்பது போல் காட்டியிருப்பது காலத்துக்குச் சரியே.

கேள்வி: குறைகளே இல்லையா? — வாசகி, புதுச்சேரி

பதில்: இருக்கின்றன. பேராசிரியர் வான் ஃபிரான்ஸ் வந்த பிறகு விளக்கம் பேசுவது கூடிப்போகிறது. அந்த வேடத்தை ஏற்ற வில்லம் டஃபோவின் உற்சாகம் அதைச் சுமந்து செல்கிறது என்றாலும், அதுவரை உணர்ந்ததை மறுபடி சொற்களில் கேட்பது சலிப்பூட்டுகிறது. ஹார்டிங் குடும்பத்தின் அழிவு கதைக்குத் தேவையான வேகத்தைவிட விரைவாக நடக்கிறது. ஹார்டிங்கின் கருவுற்றிருந்த மனைவி ஆனாவும் இரண்டு பெண் குழந்தைகளும் இறப்பதை நாம் துக்கப்பட நேரம் இல்லாமலே கடக்கிறோம். மலையடிவார விடுதியில் வரும் ரோமா என்னும் நாடோடி இன மக்கள் காட்சிப் பொருளாகவே நிற்கிறார்கள். உண்மையை முதலில் அறிந்து தாமசை எச்சரிப்பவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவருக்காவது ஒரு பெயரும் ஒரு முழு உரையாடலும் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: பழையதை முதலில் பார்க்க வேண்டுமா, புதியதையா? வெர்னர் ஹெர்சாக் எடுத்ததும் ஒன்று இருக்கிறதாமே? — வாசகர், நாகர்கோவில்

பதில்: முர்னாவின் படத்தை முதலில் பாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான். படிக்கட்டில் ஏறும் நிழலும், எதிர்மறைப் படச்சுருளில் வெண்மையாகத் தெரியும் காடும், நூறாண்டு கடந்த பின்னும் புதிதாகவே இருக்கின்றன. அதைப் பார்த்தவர்களுக்கு, புதிய படத்தில் ஆர்லோக்கின் கை நிழல் விஸ்போர்க்கின் கூரைகள் மேல் படரும்போது எகர்ஸ் எதை வளர்த்தெடுக்கிறார் என்பது தெரியும். பதினேழு வயதிலேயே பள்ளி மேடையில் இந்தக் கதையை நாடகமாக்கியவர் அவர். ஹெர்சாக் 1979இல் கிளாவுஸ் கின்ஸ்கியையும் இசபெல் அஜானியையும் வைத்து எடுத்தது மூன்றாவதாக இருக்கட்டும். அதில் இரத்தக்காட்டேரி சாக முடியாத சோர்வோடு திரிகிறது. எகர்சின் பசியைப் பார்த்த பிறகு அந்தச் சோர்வைப் பார்த்தால் இரண்டு இயக்குநர்களின் வேறுபாடும் தெளிவாகும்.